பிறந்தநாளுக்கு 50 டிசைன்... நாட்டை இழந்த ஜோசப் ஃபிராங்க், வீடுகளுக்கு வண்ணம் தந்த கதை!

1944-ம் ஆண்டு. இரண்டாம் உலகப்போர் இன்னும் முடியவில்லை. நியூயார்க்கில் தஞ்சம் புகுந்திருந்த 59 வயது மனிதர் ஒருவர், கடல் தாண்டி ஸ்டாக்ஹோமில் இருக்கும் ஒரு கடை முதலாளிக்குப் பிறந்தநாள் பரிசு தயார் செய்கிறார். அந்த அம்மாவுக்கு அது 50-வது பிறந்தநாள். நகை இல்லை, பட்டு இல்லை. அவர் அனுப்பியது 50 துணி டிசைன்கள்.

பச்சைக் கிளிகள் மாதிரி கொத்துக் கொத்தாகப் பறவைகள், ஒரே மரத்தில் பத்து விதக் காய்கனிகள், எந்தத் தோட்டத்திலும் பார்க்க முடியாத பூக்கள், நியூயார்க் நகரத் தெருக்களின் வரைபடம்... அதில் போர் இல்லை, புகை இல்லை, ரத்தம் இல்லை. ஆனா வரைந்த கைக்குச் சொந்தக்காரர், யூதர் என்பதால் ஊரைவிட்டு வந்தவர். அவர் பெயர் ஜோசப் ஃபிராங்க்.

80 வருஷம் ஆகியும் அந்த டிசைன்கள் பல இன்றைக்கும் அச்சாகி விற்பனையாகின்றன. திரைச்சீலை, சோபா உறை, தலையணை, ட்ரே என்று உலகம் முழுக்க வீடுகளில் இருக்கின்றன. வீட்டை வண்ணமயமாக அலங்கரிப்பது பற்றிப் பேசும்போது உள் அலங்கார நிபுணர்கள் மறக்காமல் சொல்லும் பெயர் இது. யார் இவர்? அரண்மனை மாதிரி வீடு கட்டித்தந்த பணக்கார டிசைனரா? இல்லை. கதை வேற.

யார் இந்த ஜோசப் ஃபிராங்க்?

1885 ஜூலை 15-ம் தேதி ஆஸ்திரியாவின் வியன்னாவுக்குப் பக்கத்தில் இருக்கும் பாடன் என்ற ஊரில், ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார் ஃபிராங்க். அப்பா துணி வியாபாரி. பின்னாளில் துணி டிசைனால் பேர் வாங்கப் போகும் பிள்ளைக்கு, வீட்டுத் தொழிலே துணிதான்.

அண்ணன் பிலிப் ஃபிராங்க் இயற்பியலாளர். சாதாரண ஆள் இல்லை. பிராக் நகரப் பல்கலைக்கழகத்தில் ஐன்ஸ்டீன் வகித்த பேராசிரியர் பதவிக்கு 1912-ல் வந்தவர் அவர்தான். பின்னாளில் ஐன்ஸ்டீனின் வாழ்க்கை வரலாற்றையும் எழுதினார்.

தம்பி ஜோசப் படித்தது கட்டிடக்கலை. வியன்னா தொழில்நுட்பக் கல்லூரியில், மறுமலர்ச்சிக்கால இத்தாலிய மேதை ஆல்பெர்ட்டியின் கட்டிடங்களை ஆராய்ந்து 1910-ல் டாக்டர் பட்டம் வாங்கினார். 1912-ல் அன்னா செபெனியுஸ் என்ற ஸ்வீடன் நாட்டுப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டார். இந்த ஸ்வீடன் சம்பந்தம்தான் பிற்காலத்தில் அவர் உயிரையே காப்பாற்றப் போகிறது என்று அப்போது யாருக்கும் தெரியாது.

தொழிலாளர்களுக்கு எப்படிப்பட்ட வீடு வேண்டும்?

முதல் உலகப்போரில் ஆஸ்திரியா தோற்றது. பேரரசு சிதறியது. வியன்னாவில் வீடு கிடைக்காமல் மக்கள் தவித்தார்கள். நகராட்சியைப் பிடித்த சோசலிஸ்டுகள், தொழிலாளர்களுக்காக ஆயிரக்கணக்கில் அடுக்குமாடி வீடுகளைக் கட்டத் தொடங்கினார்கள். வரலாற்றில் அந்தக் காலத்துக்கு 'சிவப்பு வியன்னா' என்று பெயர்.

ஃபிராங்க்கும் அந்த வேலையில் இறங்கினார். அவர் வடிவமைத்த வீடன்ஹோஃபர் குடியிருப்புக்குப் பளிச்சென்று ஆரஞ்சு கலந்த சிவப்பு பூசப்பட்டது. ஜனங்கள் அதற்கு 'பாப்ரிகா பெட்டி' என்று செல்லப் பெயரே வைத்துவிட்டார்கள். பாப்ரிகா என்றால் அந்த ஊர் மிளகாய்த்தூள்.

ஆனா அவருக்கு ஒரு மனக்குறை இருந்தது. கோட்டை மாதிரி பிரமாண்டமாக அடுக்குமாடி எழுப்பி, தொழிலாளர்களை உள்ளே அடைப்பது அவருக்குப் பிடிக்கவில்லை. சின்னதாக இருந்தாலும் தோட்டத்தோடு தனி வீடு வேண்டும், மனிதன் வேலை முடிந்து வந்து நிம்மதியாகச் சாய வேண்டும் என்பது அவர் கட்சி. வெளியே பார்ப்பவர்களை மிரட்டுவதற்காக வீடு கட்டக்கூடாது, உள்ளே வாழ்பவர்களுக்காகக் கட்ட வேண்டும் என்ற இந்த எண்ணம்தான் கடைசி வரை அவரை நடத்தியது.

ஓட்டோ நாய்ராத் என்ற சமூகவியலாளர் இவருடைய நண்பர். புள்ளிவிவரங்களைப் படங்களாக மாற்றி, எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் புரிய வைத்தவர். வியன்னாவில் அவர் நடத்திய அருங்காட்சியகத்துக்குக் கண்காட்சி அமைப்பை வடிவமைத்துக் கொடுத்தவர் ஃபிராங்க்.

பூப்போட்ட சோபாவைப் பார்த்துச் சிரித்தவர்கள்

1925-ல் சக கட்டிடக் கலைஞர் ஓஸ்கர் வ்லாக்குடன் சேர்ந்து வியன்னாவில் ஒரு கடை திறந்தார் ஃபிராங்க். பெயர் 'ஹவுஸ் உண்ட் கார்ட்டன்'. தமிழில் சொன்னால் 'வீடும் தோட்டமும்'. மேஜை, நாற்காலி, விளக்கு, திரைச்சீலை எல்லாம் கிடைக்கும். செட்டாகத்தான் வாங்க வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. பிடித்ததை ஒவ்வொன்றாக வாங்கிச் சேர்த்துக்கொள்ளலாம். துணிகளுக்கு டிசைன் போட்டதும் ஃபிராங்க்தான்.

அந்தக் காலத்து ஐரோப்பாவில் காற்று வேறு பக்கம் வீசிக்கொண்டிருந்தது. அலங்காரம் வேண்டாம், வெறும் வெள்ளைச் சுவர் போதும், எஃகுக் குழாயில் செய்த நாற்காலி போதும், வீடு என்பது ஒரு இயந்திரம் மாதிரி இருக்க வேண்டும் என்று புதிய தலைமுறைக் கட்டிடக் கலைஞர்கள் முழங்கினார்கள்.

1927-ல் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில், வைசன்ஹோஃப் என்ற இடத்தில் ஒரு மாதிரிக் குடியிருப்பு கட்டப்பட்டது. தலைமை தாங்கியவர் மீஸ் வான் டெர் ரோ. கலந்துகொண்டவர்கள் லெ கார்பூசியே, வால்டர் குரோப்பியஸ் என்று பெரிய பெரிய தலைகள். அழைக்கப்பட்ட ஒரே ஆஸ்திரியர் ஜோசப் ஃபிராங்க்.

வெளியிலிருந்து பார்த்தால் அவர் வீடும் மற்ற வீடுகள் மாதிரி தட்டையான கூரை, வெள்ளைச் சுவர்தான். உள்ளே போனவர்களுக்குத்தான் அதிர்ச்சி. பூப்போட்ட துணி, மெத்து மெத்தென்ற தலையணைகள், வண்ண வண்ணக் கம்பளம், சாய்ந்து உட்கார வசதியான நாற்காலிகள்! விமர்சகர்கள் விடவில்லை. பெண்தனமானது, பத்தாம்பசலித்தனம் என்றார்கள். விபசார விடுதி மாதிரி இருக்கிறது என்றுகூட கேலி பேசப்பட்டது.

ஃபிராங்க் அசரவில்லை. நாள் முழுக்கத் தொழிற்சாலையிலும் அலுவலகத்திலும் உழைத்துவிட்டு வருபவருக்கு வீட்டிலும் தொழிற்சாலையே காத்திருக்க வேண்டுமா என்பது அவர் கேள்வி. 1931-ல் வெளியான 'அடையாளமாகக் கட்டிடக்கலை' என்ற தன் புத்தகத்தில், ஜெர்மானியர்களின் எஃகுக் குழாய் மோகத்தை நேரடியாகவே தாக்கினார். அது வெறும் நாற்காலி செய்யும் பொருளாக இல்லாமல் ஒரு சித்தாந்தமாகவே மாறிவிட்டது என்பது அவர் குற்றச்சாட்டு. எல்லோரும் ஒரே மாதிரி வாழ வேண்டும் என்று கட்டளையிடும் எந்தச் சிந்தனையும் அவருக்கு ஆபத்தாகவே தெரிந்தது. அடுத்த சில வருடங்களில் ஐரோப்பாவில் நடந்ததைப் பார்த்தால், அந்தப் பயம் வீண் பயம் இல்லை.

ஊர் மாதிரி ஒரு வீடு

1929-30-ல் வியன்னாவில் தொழிலதிபர் பீர் குடும்பத்துக்காக ஃபிராங்க்கும் வ்லாக்கும் கட்டிய 'வில்லா பீர்', அவருடைய கட்டிடங்களிலேயே முக்கியமானது. உள்ளே நடந்தால் ஒரு சின்ன ஊருக்குள் நடப்பது போல இருக்கும். படிக்கட்டு நேராக மாடிக்கு ஏறாது. வளைந்து, நின்று, ஒரு மூலையில் உட்கார்ந்து பேச இடம் கொடுத்து, அப்புறம் மேலே போகும். தெருவும் சந்திப்பும் உள்ள ஊரைப் போல வீட்டிலும் நடக்கும் வழிகளும் நிற்கும் இடங்களும் வேண்டும் என்பது அவர் கணக்கு.

1932-ல் இன்னும் பெரிய வேலை. வியன்னாவின் புறநகரில் 'வெர்க்பண்ட்' குடியிருப்பு. மொத்தம் 70 வீடுகள். திட்டத்தின் தலைவர் ஃபிராங்க். அடால்ஃப் லோஸ், ஜோசப் ஹாஃப்மன், ஹாலந்தின் கெரிட் ரீட்வெல்ட், அமெரிக்காவில் குடியேறிய ரிச்சர்ட் நியூட்ரா என்று பல கலைஞர்களை ஒரே இடத்தில் சேர்த்தார். வீடு வடிவமைத்தவர்களில் ஒரே பெண், மார்கரெட் ஷூட்டே-லிஹோட்ஸ்கி.

கண்காட்சியாகத் திறந்தபோது சில வாரங்களிலேயே ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வந்து பார்த்தார்கள். ஆனா பொருளாதார நெருக்கடி நேரம். பார்க்க வந்த கூட்டம் வாங்க வரவில்லை. மிகச் சில வீடுகளே விலைபோயின. மீதியை வாடகைக்கு விட வேண்டியதாயிற்று.

வியன்னாவை விட்டு ஏன் கிளம்பினார்?

1933 ஜனவரியில் ஜெர்மனியில் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். அதே ஆண்டு ஆஸ்திரியாவிலும் நாடாளுமன்றம் முடக்கப்பட்டு சர்வாதிகாரம் தொடங்கியது. யூத வெறுப்பு, வீதியிலிருந்து கலைஞர்களின் சங்கங்களுக்குள்ளும் நுழைந்தது. ஃபிராங்க் முன்னணியில் இருந்த ஆஸ்திரிய வெர்க்பண்ட் அமைப்பு இரண்டாக உடைந்தது. பிரிந்துபோன புதிய அணியில், 1932 குடியிருப்பில் அவரோடு வேலை பார்த்த ஜோசப் ஹாஃப்மனும் இருந்தார்.

யூதர், சோசலிஸ்ட் அனுதாபி, ஜெர்மானியப் பாணியைக் கிண்டல் செய்பவர். மூன்றும் ஒரே ஆளாக இருந்தால் அந்த ஊரில் நாள் தள்ள முடியாது. மற்றவர்கள் நிலைமை சரியாகிவிடும் என்று நம்பிக் காத்திருந்தபோது, ஃபிராங்க் காத்திருக்கவில்லை. 1933 முடியும்போது மனைவி அன்னாவின் தாய்நாடான ஸ்வீடனுக்குக் கிளம்பினார். அப்போது அவருக்கு 48 வயது.

அவர் எடுத்த முடிவு சரிதான் என்பதை 1938 காட்டியது. ஹிட்லர் ஆஸ்திரியாவை விழுங்கினார். 'ஹவுஸ் உண்ட் கார்ட்டன்' கடை யூதர்களின் கையிலிருந்து பறிக்கப்பட்டது. கூட்டாளி வ்லாக்கும் நாட்டை விட்டு ஓட வேண்டி வந்தது.

வெள்ளீயக் கடையின் முதலாளியம்மா

இந்த இடத்தில் கதைக்குள் வருபவர்தான் எஸ்ட்ரிட் எரிக்சன். 1894-ல் பிறந்தவர், வெட்டெர்ன் ஏரிக்கரையில் உள்ள யோ என்ற சின்ன ஊரில் வளர்ந்தவர், ஓவிய ஆசிரியை. அப்பா விட்டுப்போன சொத்தில் கிடைத்த பணத்தைப் போட்டு 1924-ல் ஸ்டாக்ஹோமில் ஒரு கடை திறந்தார். பெயர் 'ஸ்வென்ஸ்க்ட் டென்'. அர்த்தம் 'ஸ்வீடன் வெள்ளீயம்'. பெயருக்கேற்ப வெள்ளீயத்தில் செய்த கிண்ணம், குவளை, மெழுகுவர்த்தித் தாங்கிதான் ஆரம்பத்தில் வியாபாரம். தமிழ் வீடுகளில் ரசம் வைக்கிற ஈயச்சொம்பை நினைத்துக்கொண்டால் அந்த உலோகம் எதுவென்று புரியும்.

1927-ல் கடை, கடலோரத்தில் இருக்கும் ஸ்ட்ராண்ட்வேகன் என்ற பெரிய தெருவுக்கு இடம் மாறியது. வெள்ளீயத்தோடு நிற்காமல் முழு வீட்டுக்கும் பொருள் விற்க வேண்டும் என்று ஆசைப்பட்ட எஸ்ட்ரிட், 1932-லேயே வியன்னாவில் இருந்த ஃபிராங்குக்குக் கடிதம் எழுதி, மேஜை நாற்காலி வடிவமைத்துத் தரச் சொல்லியிருந்தார். அதனால், ஃபிராங்க் அகதியாக ஸ்டாக்ஹோமில் வந்து இறங்கியபோது அவருக்கு அங்கே ஒரு வேலை இருந்தது. 1934-ல் அதிகாரபூர்வமாக அந்தக் கடையில் சேர்ந்தார்.

அதே 1934-ல் ஸ்டாக்ஹோமின் லில்ஜெவால்க்ஸ் கலைக்கூடத்தில் இருவரும் சேர்ந்து அமைத்த அறைகளைப் பார்த்து ஸ்வீடன் ஆடிப்போனது. காரணம் இருக்கிறது. நாலு வருஷத்துக்கு முன்னால், 1930-ல் நடந்த ஸ்டாக்ஹோம் பொருட்காட்சி முழுக்க முழுக்க 'அலங்காரம் வேண்டாம்' என்று சொன்ன பொருட்காட்சி. அந்த ஊரில் போய் ஆழமான, அகலமான, பெரிய பெரிய பூப்போட்ட சோபாவை வைத்தால்?

1937-ல் பாரிஸ் உலகக் கண்காட்சி, 1939-ல் நியூயார்க் உலகக் கண்காட்சி. இரண்டிலும் இவர்களுடைய அறைகள் இடம்பெற்றன. 'ஸ்வீடிஷ் மாடர்ன்' என்ற பெயர் உலகம் முழுக்கப் பரவியது. வேடிக்கை என்னவென்றால், ஸ்வீடன் பாணி என்று உலகம் கொண்டாடியதை உருவாக்கிய முக்கியமான கை, வியன்னாவிலிருந்து வந்த ஒரு அகதியுடையது. 1939-ல்தான் அவருக்கு ஸ்வீடன் குடியுரிமையே கிடைத்தது.

இரண்டு பேருக்கும் வேலைப் பிரிவினை தெளிவாக இருந்தது. ஃபிராங்க் வரைவார். எஸ்ட்ரிட் அதை எங்கே, எதோடு, எப்படி வைத்தால் வாழும் வீடு போலத் தோன்றும் என்று பார்த்து அடுக்குவார். அவரும் சும்மா இல்லை. காங்கோ நாட்டுத் துணியைப் பார்த்து அவர் உருவாக்கிய 'யானை' டிசைன், கடையில் இன்றும் அதிகம் தெரிந்த டிசைன்களில் ஒன்று.

ஃபிராங்க் வீடு எப்படி இருக்கும்?

அவர் எழுதியதையும் செய்ததையும் தொகுத்தால், வீட்டு அலங்காரத்துக்கு அவர் சொன்னது இவ்வளவுதான்:

• சுவர் வெள்ளையாக இருக்கட்டும். வண்ணத்தைத் துணியிலும் கம்பளத்திலும் கொட்டலாம். அப்போதுதான் பிடித்ததை எல்லாம் பயமில்லாமல் கலக்க முடியும்.

• பீரோ, அலமாரிக்கு மெலிந்த, உயரமான கால்கள் வேண்டும். தரை எங்கே முடிகிறது, சுவர் எங்கே தொடங்குகிறது என்பது கண்ணுக்குத் தெரிய வேண்டும். தெரிந்தால் சின்ன அறையும் நெருக்கடியாகத் தோன்றாது.

• செட்டு செட்டாக வாங்க வேண்டாம். பாட்டி காலத்து நாற்காலி, நேற்று வாங்கிய விளக்கு, பயணத்தில் வாங்கி வந்த பொம்மை எல்லாம் ஒரே அறையில் இருக்கலாம். ஒருவருக்கு உண்மையாகவே பிடித்த பொருட்கள் தாமாகவே ஒன்றோடொன்று ஒத்துப்போய்விடும்.

• வெறுமையான பரப்பு மனதை அலைக்கழிக்கும். டிசைன் உள்ள பரப்பு அமைதி தரும்.

கடைசியில் சொன்னது தலைகீழாக இருக்கிறதே என்று தோன்றலாம். அவர் தரும் விளக்கம் இப்படி: வெற்றுப் பரப்பை ஒரு நொடியில் பார்த்து முடித்துவிடலாம். அதன்பின் கண்ணுக்கு வேலை இல்லை. கொடியும் இலையும் ஓடும் துணியில் கண் மெதுவாக அலையும், எங்கேயாவது நிற்கும், மறுபடி நகரும். எத்தனை முறை பார்த்தாலும் தீராது. அதுதான் ஓய்வு.

இதற்காகவே ஒரு தொழில்நுட்பத்தையும் அவர் கவனமாகக் கையாண்டார். அச்சுத் துணியில் ஒரே டிசைன் திரும்பத் திரும்ப வரும். எங்கே முடிந்து எங்கே மறுபடி தொடங்குகிறது என்பதைச் சாதாரணமாகக் கண்டுபிடித்துவிடலாம். ஃபிராங்க் துணியில் அது லேசில் முடியாது. பெரிய அளவில் வரைந்து, கிளைகளை ஒன்றுக்குள் ஒன்று விட்டு, அந்த இணைப்பை மறைத்துவிடுவார்.

எங்கிருந்து எடுத்தார் இதையெல்லாம்? ஆங்கிலேயக் கலைஞர் வில்லியம் மோரிஸின் பூவேலைகள் அவருக்குப் பெரிய ஊக்கம். 1938-ல் வரைந்த 'அனாக்ரியோன்' டிசைனுக்கு, கிரீட் தீவின் நோசஸ் அரண்மனைச் சுவரோவியத்தில் இருந்த நீலப் பறவை ஆதாரம். 'வெஜிடபிள் ட்ரீ' என்ற டிசைனில் ஒரே மரத்தில் விதவிதமான காயும் பூவும் தொங்கும். 'உயிர் மரம்' என்ற இந்த வடிவம் ரொம்பப் பழையது. 17, 18-ம் நூற்றாண்டுகளில் சோழமண்டலக் கரையிலிருந்து கப்பலேறி ஐரோப்பியப் படுக்கையறைகளுக்குப் போன கலம்காரித் துணிகளிலும், ஒரு மேட்டிலிருந்து வளைந்து எழும் இதே மரம்தான் நிற்கும். இந்தியப் பெண்களும் ஆண்களும் கையால் வண்ணம் தீட்டிய அந்த மரபின் ஒரு தூரத்துக் கிளைதான் ஸ்டாக்ஹோமில் பூத்தது.

மறுபடியும் ஓட்டம்

1940 ஏப்ரலில் பக்கத்து நாடுகளான டென்மார்க்கையும் நார்வேயையும் ஜெர்மனி பிடித்தது. அடுத்தது ஸ்வீடன்தானோ என்ற பயம். 1941 இறுதியில் ஃபிராங்க்கும் அன்னாவும் மறுபடி மூட்டை கட்டினார்கள். இந்த முறை நியூயார்க். அண்ணன் பிலிப் ஏற்கெனவே அமெரிக்காவில், ஹார்வர்டில் பாடம் நடத்திக்கொண்டிருந்தார்.

அமெரிக்கா ஃபிராங்க்கைக் கைநீட்டி வரவேற்கவில்லை. 'நியூ ஸ்கூல்' கல்வி நிறுவனத்தில் கொஞ்ச நாள் விரிவுரை நடத்தினார். குடிசைப் பகுதிகளை மாற்றியமைக்கத் திட்டங்கள் வரைந்தார். கட்டிடக் கலைஞராகச் சொல்லிக்கொள்ளும்படி எதுவும் அமையவில்லை. மீஸும் குரோப்பியஸும் அதே அமெரிக்காவில் கொடிகட்டிப் பறந்தார்கள். அவர்களின் கண்ணாடி, எஃகு பாணியைத்தான் அந்த நாடு விரும்பியது.

கட்ட வீடு கிடைக்காதவர், காகிதத்தில் தோட்டம் போட்டார். அமெரிக்கப் பறவைகள், மரங்கள் பற்றிய கையேடுகளைப் பிரித்து வைத்துக்கொண்டு வரைந்தார். 'பச்சைப் பறவைகள்', 'யுஎஸ் ட்ரீ' டிசைன்கள் அப்படிப் பிறந்தவை. மன்ஹாட்டன் தீவின் தெரு வரைபடத்தையே துண்டு துண்டாக அடுக்கி ஒரு டிசைன் ஆக்கினார். 'பிரேசில்', 'ஹவாய்', 'தெஹ்ரான்' என்று தன் டிசைன்களுக்கு அவர் வைத்த பெயர்களும் தூர தேசத்துப் பெயர்கள்.

1944 செப்டம்பர் 16-ம் தேதி எஸ்ட்ரிட்டுக்கு 50 வயது நிறைந்தது. அதற்காக அனுப்பியவைதான் ஆரம்பத்தில் சொன்ன அந்த 50 டிசைன்கள். ஃபிராங்க் வாழ்நாளில் வரைந்த துணி டிசைன்கள் சுமார் 160. அவற்றில் பெரும் பங்கு, பிழைக்க வழி தெரியாமல் தவித்த இந்தச் சில வருடங்களில் வந்தது. எஸ்ட்ரிட்டுக்கு அது பிறந்தநாள் பரிசு மட்டும் இல்லை. அடுத்த பல பத்தாண்டுகளுக்குக் கடையின் மூலதனமே அதுதான்.

கடைசிக் காலம்

போர் முடிந்தது. 1946-ல் ஃபிராங்க் ஸ்டாக்ஹோமுக்கே திரும்பினார். வியன்னாவுக்குத் திரும்பி வாழப் போகவில்லை.

அவர் வடிவமைத்த அலமாரிகளில் இன்றும் பலரை நிறுத்திப் பார்க்க வைப்பது, ஸ்வீடன் தாவரவியலாளர் லிண்ட்மன்னின் நூலில் இருந்த செடிப் படங்களை மேலே முழுக்க ஒட்டிய அலமாரி. பாடப்புத்தகத்தில் இருக்க வேண்டிய வேர், இலை, விதை எல்லாம் வரவேற்பறையில் வந்து நிற்கும். மேஜை, நாற்காலி, அலமாரி, விளக்கு என்று அவர் விட்டுப்போன வரைபடங்கள் சுமார் 2,000. 1952-ல் ஸ்வீடனின் தேசிய அருங்காட்சியகம் அவர் படைப்புகளைக் கண்காட்சியாக வைத்தது.

1957-ல் அன்னா இறந்தார். அதன்பின் அன்னாவின் உறவினரான டாக்மர் கிரில், ஃபிராங்க்குக்குத் துணையாக இருந்தார். டாக்மருக்கு எழுதிய கடிதங்களோடு ஃபிராங்க் வரைந்து அனுப்பிய வீடுகள் தனிக் கதை. வளைந்த சுவர், கோணல் ஜன்னல், கல் போல ஒழுங்கில்லாத வடிவம். எதுவும் கட்டப்படவில்லை. யாரும் கட்டச் சொல்லவும் இல்லை.

1958-ல் 'ஆக்சிடென்டிசம்' என்ற கட்டுரையை எழுதினார். யாரும் திட்டமிடாமல், தற்செயலாக உருவானது போல இருக்கும் இடங்களில்தான் மனிதன் இயல்பாக வாழ்கிறான், அதனால் சுற்றுப்புறத்தைத் தற்செயலாக அமைந்தது போலவே வடிவமைக்க வேண்டும் என்பது அதன் சாரம். பழைய ஊர்களின் தெருக்களில் நடப்பது ஏன் பிடித்திருக்கிறது என்று யோசித்தவர்களுக்கு இது புரியும்.

ஆஸ்திரியா அவரை மறுபடி நினைத்துப் பார்த்து விருது கொடுத்தபோது ரொம்பத் தாமதம். 1967 ஜனவரி 8-ம் தேதி ஸ்டாக்ஹோமில், 81-வது வயதில் ஃபிராங்க் மறைந்தார்.

ஒரு நெருடல்

ஃபிராங்க் வாழ்க்கையில் தீராத முரண் ஒன்று உண்டு. தொழிலாளிக்கும் வசதியான வீடு வேண்டும் என்று தொடங்கியவர் அவர். ஆனா அவருடைய சோபாவும் துணியும் ஸ்டாக்ஹோமின் மிக வசதியான தெருவில், வசதியானவர்களுக்குத்தான் விற்றன. இன்றைக்கும் அந்த லினன் துணி சாமானியர் வாங்கும் விலையில் இல்லை. துணி விலையாகத்தான் இருக்கிறது. அவர் சொன்ன யோசனைகளுக்கு விலை இல்லை. வெள்ளைச் சுவர், பிடித்ததைக் கலந்து வைப்பது, தரை தெரிகிற மாதிரி பீரோவைத் தூக்கி வைப்பது. இதற்கெல்லாம் ஸ்டாக்ஹோம் போக வேண்டியதில்லை.

இப்போது ஏன் பேசப்படுகிறார்?

சாம்பல் சுவர், சாம்பல் சோபா என்று ஒரே நிறத்தில் மூழ்கியிருந்த உள் அலங்கார உலகம், கொஞ்ச வருடங்களாக மறுபடி வண்ணத்தின் பக்கம் திரும்பியிருக்கிறது. அந்தத் தேடலில் ஃபிராங்க் பெயர் மேலே வந்தது. 2015-16-ல் அவர் ஓடிப்போன அதே வியன்னாவில், பயன்பாட்டுக் கலைகளுக்கான மாக் அருங்காட்சியகம் அவருக்குப் பெரிய கண்காட்சி நடத்தியது. 2017-ல் லண்டனில் அவருடைய படைப்புகளுக்கு ஒரு கண்காட்சி நடந்தது.

எஸ்ட்ரிட் எரிக்சன் 1975-ல் தன் கடையை பெய்யர் அறக்கட்டளைக்கு விற்றார். 1981-ல் மறைந்தார். அந்த ஏற்பாட்டின்படி, கடையில் வரும் லாபம் அறிவியல், சுற்றுச்சூழல் ஆராய்ச்சிகளுக்கு உதவியாகப் போகிறது.

2024-ல் ஸ்வென்ஸ்க்ட் டென் கடைக்கு 100 வயது. அதற்கான கண்காட்சி நடந்த இடம், லில்ஜெவால்க்ஸ் கலைக்கூடம். 1934-ல் ஊரிழந்து வந்த ஃபிராங்க், பூப்போட்ட பெரிய சோபாவைக் கொண்டுபோய் வைத்து ஸ்வீடனை அசத்திய அதே கூடம். ஸ்ட்ராண்ட்வேகன் தெருவில் அந்தக் கடை இன்னும் திறந்திருக்கிறது. உள்ளே அவருடைய பச்சைப் பறவைகள் மீட்டர் கணக்கில் விற்கின்றன.